ஏசி பார்க்க ஆள் வரும் நாள்

எங்கள் வீட்டு ஏசிக்கு ஒரு குணம் இருந்தது. பழுது பார்க்க ஆள் வந்து நின்றால் சமர்த்தாக ஓடும். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போன மறுநாள் மதியம் நின்றுவிடும். ஒரே கோடையில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று காரணம் சொன்னார்கள். அதில் இரண்டு பேரை நம்பிப் பணமும் கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பாடம் நடத்துகிறவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

பெங்களூரில் ஏசி எதற்கு என்று இன்னமும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏப்ரல் மாதம் பொம்மனஹள்ளியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் எங்கள் வீட்டில், ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்கட்டும். சாத்தாமல் இருக்க முடியாது. பக்கத்து மனையில் ஐந்து மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்குக் கல் அறுக்கும் இயந்திரம் தொடங்கினால் மாலை ஆறு வரை ஓயாது. அடுப்பு மேடை, அலமாரி, சோற்றுப் பானையின் மூடி, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி.

எனக்குத் தூசி வெறும் தொல்லை. அப்பாவுக்கு அது எமன். கோலார் தங்கவயலில் இருபத்தாறு வருடம் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். பாறைத்தூள் நெஞ்சில் படிந்துவிட்டது. சுரங்கம் மூடிய பிறகும் அம்மாவும் அவரும் அங்கேதான் இருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் நான்தான் பிடிவாதமாக இங்கே கூட்டிவந்தேன். "தூசி உள்ளே வரக்கூடாது, அறை சூடாகவும் இருக்கக்கூடாது" என்று நெஞ்சு டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்வது சுலபம். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் சூளை. அதனால் ஊரைவிட்டுப் போகிற சக ஆசிரியை ஒருவர் விற்ற பழைய ஏசியை வாங்கி அப்பாவின் அறையில் மாட்டினேன். வாரண்டிச் சீட்டு எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

"இன்னாத்துக்குமா இதெல்லாம்? பூமிக்குள்ள பாக்காத சூடா?" என்றார் அப்பா. ஆனால் மாட்டிய அன்று இரவு அவர் ஏழு மணி நேரம் தூங்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருமல் சத்தம் கேட்காமல் படுத்திருந்தேன். அவ்வளவு நாள் அந்தச் சத்தத்தோடேயே தூங்கிப் பழகியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தத் தூக்கத்தை இனி விடமாட்டேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

ஏசி முதல் தடவை நின்றது பள்ளிக்கு விடுமுறை விட்ட வாரத்தில். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், மதியம் ஒரு மணி, ஒன்றரைக்கு மேல் குளிர் குறையும், பிறகு வெறும் காற்று மட்டும் வரும். கைப்பேசியில் ஆளைப் பதிவு செய்தேன். வந்து பார்ப்பதற்கு மட்டும் நானூறு ரூபாய். "ஒரு மணி நேரத்தில் வருகிறேன்" என்று அவர் அழைத்துச் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டாள்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வெளியாள் வருகிறார் என்றால் அவளுக்குக் கை கால் நிற்காது. கூடத்தைத் துடைப்பாள், மெத்தை விரிப்பை மாற்றுவாள், மாத்திரை டப்பாக்களை அலமாரிக்குள் தள்ளுவாள். முக்கியமாக யுடிலிட்டியைச் சுத்தம் செய்வாள். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கவும் காயப்போடவும் கம்பி போட்டு அடைத்திருக்கும் சின்ன இடத்துக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். ஏசியின் வெளிப்பெட்டியும் அங்கேதான் ஒரு இரும்புத் தாங்கி மேல் இருக்கிறது. கொடியில் தொங்குவது, பெட்டி மேல் காய்வது, பாவாடை, பனியன், லுங்கி, எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் திணித்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவாள். பெண் பார்க்க ஆட்கள் வருகிற வீடு மாதிரி ஆகிவிடும்.

வந்தவர் ஏசியைப் போட்டார். கும்மென்று குளிர்ந்தது. "இப்ப நல்லாத்தானே ஓடுது" என்றார். மதியத்துக்கு மேல் நிற்கிறது என்று நான் அடித்துச் சொன்னதால் குழாயில் மீட்டரை மாட்டிப் பார்த்து, "கேஸ் கொஞ்சம் கம்மி மேடம்" என்று நிரப்பினார். இரண்டாயிரத்து எண்ணூறு. இந்த மாடலுக்கு வேறு கேஸ், அதனால் விலை அதிகம் என்றார். கோடைக்காலம் என்பதால் அதற்கு மேல் ஒரு முந்நூறு. மறுநாள் மதியம் ஒன்றே கால் மணிக்கு ஏசி நின்றது.

இரண்டாவது ஆள், ஒரு பெரிய கடை அனுப்பியவர். அவர் முன்னாலும் அது சமர்த்தாக ஓடியது. அவர் கேஸ் பக்கமே போகவில்லை. உள்ளே இருக்கும் மின் பலகையைக் கழற்றிக் காட்டி, "போர்டு போயிருக்கு, கரண்டு ஏறி இறங்கறதால" என்றார். பலகையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டினார். நாலாயிரத்து ஐந்நூறு. புதுப் பலகை என்றால் ஒன்பதாயிரம் ஆகியிருக்கும், பழுது பார்த்ததால் பாதி என்று சொன்னபோது அவருக்கு நான் நன்றி வேறு சொன்னேன்.

மறுநாள் மதியம் ஏசி மறுபடி நின்றது. அன்று அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னொரு தபா அந்தப் பொட்டிக்குன்னு நீ காசு குடுத்தா, நான் ரயில் ஏறிடுவேன். என் தம்பி வூடு இருக்குது. எனக்கு ஏசியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அப்பா கோபத்தில் சொல்கிறவர் இல்லை. சொன்னால் செய்வார். சித்தப்பாவின் வீடு தங்கவயலில் சுரங்கக் கழிவு மண்ணை மலையாகக் கொட்டிவைத்திருக்கும் மேட்டுக்குப் பக்கத்தில். காற்று அடித்தால் அந்த மண் பறந்துவந்து சாம்பாரில் விழும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அங்கே அவர் ஒரு கோடையைத் தாங்கமாட்டார். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வெளியே வரும். "போங்க, போய் மண்ணைத் தின்னுங்க" என்று கத்திவிட்டு எழுந்து கை கழுவினேன்.

இனி இது எனக்கும் இந்த ஏசிக்கும் இடையிலான வழக்கு என்று முடிவு செய்தேன். பள்ளியின் பரிசோதனைக் கூடத்திலிருந்து வெப்பமானி ஒன்றை வாங்கிவந்தேன். மணிக்கு ஒருமுறை ஏசியின் வாயருகே பிடித்து ஒரு நோட்டில் குறித்தேன். பத்து நாள் குறித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏசி நிற்கவே இல்லை. நாள் முழுக்க ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கட்டட வேலையும் கிடையாது.

ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். இரண்டாவது ஆள் சொன்னது சரிதான், கல் அறுக்கிற இயந்திரம் எங்கள் தெருவின் மின்சாரத்தை எல்லாம் உறிஞ்சுகிறது. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து மனைக்குப் போனேன். மேஸ்திரி தர்மபுரிக்காரர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு மின்சாரத்தை எடுக்க உமக்கு யார் உரிமை கொடுத்தது என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒன்றைக் காட்டினார். ஜெனரேட்டர்.

"நாங்க டீசல்ல ஓட்டறோம் டீச்சர். உங்க லைனைத் தொடறதே இல்ல" என்றார். நான் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது ஆளை அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அவருக்குத் தெரியாமல், பார்ப்பதற்கு மட்டும் என்று பேசி வரவழைத்தேன். வழக்கம்போல அம்மா சுத்தம் செய்தாள், வழக்கம்போல ஏசி குளிர்ந்தது. அவர் வெளிப்பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். "கம்ப்ரசர் வீக். இன்னும் ஒரு மாசம் தாங்காது. மாத்தினா பதிமூணாயிரத்து ஐந்நூறு, அதுக்குப் பழசைக் குடுத்துட்டுப் புதுசே வாங்கிடுங்க" என்றார். நான் கதவைத் திறந்துவிட்டேன், அவர் போவதற்கு.

அந்த வாரம் அப்பாவின் மாதாந்திரப் பரிசோதனை வந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வழித்த முகம், பாக்கெட்டில் சீப்பு. ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஆஸ்பத்திரி வாசலில் ஓரமாக நின்று இன்ஹேலரை இரண்டு இழுப்பு இழுத்தார், ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டார், பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். செருப்பைத் துடைத்துக்கொண்டு போகிற மாதிரி அதையும் ஒவ்வொரு மாதமும் செய்வார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, நன்றாகத்தான் இருக்கிறார்" என்று அதே மருந்தை எழுதினார். "அடுத்த முறை ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்துவிடலாம்" என்று ஒரு அச்சடித்த தாளையும் கொடுத்தார். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா நன்றாக இருமினார். இருமி முடித்ததும் சிரித்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த நாளில் மருத்துவப் பரிசோதனை வந்தால் ஆட்கள் எப்படி மிளகையும் பனங்கற்கண்டையும் அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள் என்ற கதையை நூறாவது முறையாகச் சொன்னார். நெஞ்சில் கோளாறு என்று எழுதிவிட்டால் அடிவேலையிலிருந்து மேல்வேலைக்கு மாற்றிவிடுவார்கள், அடிவேலைக்கு உண்டான கூடுதல் கூலி போய்விடும் என்று பயம். "ஒரு தபா கூட டாக்டர் எதிர்ல நான் இருமினது கிடையாதுமா" என்றார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. நானும் வழக்கம்போலச் சிரித்தேன்.

நான்காவது ஆளைப் பால் போடுகிறவர் சொன்னார். ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பழைய குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாய். ஐம்பது வயதிருக்கும். நான் நோட்டை நீட்டினேன். மூன்று பேர் சொன்னதையும் சொன்னேன். அவர் நோட்டை நான் நினைத்ததைவிடக் கவனமாகப் படித்தார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடுது?"

"ஆமாம்."

"ஆள் வந்தாலும் ஓடுது?"

"ஆமாம் பாய்."

"சரி. நான் வரேன். எப்பன்னு கேக்காதீங்க, ஃபோனும் பண்ணமாட்டேன். இந்தப் பக்கம் வேலை இருக்கிறப்போ ஏறி வரேன். டென்ஷன் பேடா மேடம்" என்று, கவலை வேண்டாம் என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்லி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். இவரும் வேலைக்கு ஆகமாட்டார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. வியாழக்கிழமைகளில் அம்மா விவேக் நகர் கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போய்விடுவாள், இரண்டு பஸ் மாறித் திரும்பி வர நாலு மணி ஆகும். நான் நைட்டியில் இருந்தேன். கூடத்தில் வெங்காயத் தோல், நாற்காலியில் துவைத்து மடிக்காத துணிக் குவியல். அப்பா அறையில் படுத்திருந்தார், ஏசி வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. பாய் எதையும் பார்க்காதவர் போல நேராக யுடிலிட்டிக்குப் போனார்.

"மேடம், ஸ்வல்ப, கொஞ்சம் இங்க வாங்க."

போனேன். கொடி நிறையத் துணி. வெளிப்பெட்டியின் மேலும் பின்னாலும் துணி. நான் தினமும் பார்க்கிற காட்சிதான். பாய் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டுத் தட்டினார். துணியைத் தட்டும் சத்தம் வரவில்லை, பலகையைத் தட்டும் சத்தம் வந்தது. மேலே கிடந்ததை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால், பெட்டியின் பின்பக்கத்தையும் இடது பக்கத்தையும் சுற்றி அப்பாவின் பழைய லுங்கி ஒன்று, இரண்டாக மடித்து, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. கல் தூள் ஏறி, நனைந்து, காய்ந்து, வறட்டி மாதிரி இறுகிக் கிடந்தது.

"இது யார் கட்டினது?" என்றார் பாய்.

அது காய்கிற துணி இல்லை, கட்டிய துணி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்னால் அப்பா வந்து நின்றார். "நான்தான். ஏன், அத்த எதுக்கு அவுக்குறீங்க? தூசி உள்ள போவும்."

"எங்க உள்ள போவும் அங்கிள்?"

"ரூமுக்குள்ள." ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போல அப்பா விளக்கினார். பின்பக்கம் வழியாகத்தானே இந்தப் பெட்டி காற்றை இழுக்கிறது? ஊதுவத்தியைக் காட்டிப் பார்த்தாராம், புகை உள்ளே போயிற்று. முன்பக்கம் வழியாகச் சூடான காற்று வெளியே வருகிறது. சுரங்கத்திலும் அப்படித்தான், ஒரு குழி வழியாக நல்ல காற்று இறங்கும், இன்னொரு குழி வழியாகக் கெட்ட காற்று ஏறும். அங்கே ஆட்கள் மூக்கில் ஈரத்துணி கட்டுவார்கள். இது பெட்டியின் மூக்கு, அதனால் இதற்கும் ஈரத்துணி. காலையில் இயந்திரச் சத்தம் கேட்டதும் நனைத்துக் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கல் அறுக்கமாட்டார்கள், அதனால் கட்டமாட்டார். "நனைச்சிக் கட்டினா இன்னும் ஜில்லுனு வருது, நீயே பாரு" என்றார்.

பாய் சிரிக்கவில்லை. "நனைஞ்சிருக்கிற வரைக்கும் வரும் அங்கிள். மதியம் காஞ்சிடுச்சின்னா செவுரு மாதிரி. பொட்டி சூட்டை வெளிய தள்ள முடியாம தானே நின்னுடும்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்தக் காத்து ரூமுக்குள்ள போறதே இல்ல. இங்க இழுத்து இங்கயே விடுது. ரூம்ல ஓடறது ரூம் காத்துதான், சுத்திச் சுத்தி அதேதான்."

அப்பா பெட்டியையும் சுவரில் போகும் குழாயையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப வெளிக்காத்து?"

"வராது அங்கிள்."

நான் அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருக்கவில்லை. கேஸ் இரண்டாயிரத்து எண்ணூறு, போர்டு நாலாயிரத்து ஐந்நூறு, மேஸ்திரியிடம் பட்ட அவமானம், பத்து நாள் நான் வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் அடுக்கினேன். "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை!" என்று கத்தினேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு திருகாணிகளைக் கழற்றினார். அப்பா உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து, தங்கவயலிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பழைய தோல் பையை இழுக்கும் சத்தம் கேட்டது.

போய்த் தடுக்கக் கால் வரவில்லை. கோபமும் போகவில்லை. பாய் தண்ணீர் பீய்ச்சி வெளிப்பெட்டியைக் கழுவினார். கேஸை முதல் ஆள் அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறார் என்று கொஞ்சம் இறக்கிவிட்டார். பிறகு, அறைக்குள் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "மேடம், இந்தப் பக்கத்துல கட்டட வேலை நடக்கற வூட்ல எல்லாம் காயில்ங்கற குழாய்ச் சுருள்ல சிமெண்ட் புடிச்சி, மாத்தற நிலைமைக்கு வந்துடுது. உங்களுது புதுசு மாதிரி கீது. அங்கிள் கட்டின துணியாலதான். கட்டின எடம் தப்பு, கட்டினது தப்பில்ல."

அறைக்குள் சத்தம் நின்றது.

மொத்தம் தொள்ளாயிரம் ரூபாய் கேட்டார். வந்துபோன கூலியும் கழுவின கூலியும். அவர் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள், கையில் கோயில் மெழுகுவத்தியோடு. வெளியாள் நிற்கிறார், வெங்காயத் தோல் கூடத்தில் கிடக்கிறது என்று கண்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். துணியைக் கையில் தூக்கிக் காட்டினேன்.

"இது பொட்டிக்குப் பின்னாடி கட்டியிருந்தது உனக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? ஏசி பாக்க ஆள் வர்றாங்கன்னா நான்தான் அவுத்து உள்ள வச்சிடுவேன். உங்கப்பனோட கிழிஞ்ச லுங்கி, நாலு பேர் பாக்கற மாதிரியா கீது? அவங்க போனதும் அவரே எடுத்துக் கட்டிக்குவாரு" என்றாள்.

சிரிப்பு வந்தது. நாற்காலியில் கிடந்த துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். பாயும் சிரித்துவிட்டார். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் எங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை. நாங்கள் துடைத்து வைத்த வீட்டைத்தான் பார்த்தார்கள். கேஸின் விலை, போர்டின் விலை, கோடைக்காலக் கூலி என்று எதை எதையோ கணக்கில் சேர்த்தேனே, ஏழாயிரத்துச் சொச்சத்தைத் தின்றது அம்மாவின் மானம்தான்.

சிரித்துக்கொண்டே இருந்தபோது அப்பா அறை வாசலில் வந்து நின்றார். பயணத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதன் பாக்கெட்டில் இன்ஹேலர். அந்தச் சட்டையும் அந்த இன்ஹேலரும் ஒன்றாகக் கண்ணில் பட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இழுப்பு. ஒரு கிராம்பு. நன்றாகத்தான் இருக்கிறார் என்று டாக்டர். மூன்று வருடமாக அதே மருந்து. ஏசி பார்க்க வந்தவர்களுக்கு என்ன நடந்ததோ அதேதான் அந்த டாக்டருக்கும் நடந்திருக்கிறது, நானே ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போய் நடத்தியிருக்கிறேன்.

பாய் போன பிறகு மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வராது. "கத்தினது தப்புப்பா. நீங்க போகக்கூடாது. போனா எனக்குத் தூக்கம் வராது" என்றேன். அவர் பையைக் கீழே வைக்கவில்லை. "ரூம்ல அதே காத்து சுத்திகினு இருந்தா மனுசன் எப்பிடிமா படுப்பான்?" என்று கேட்டார். சுரங்கத்தில் புதுக் காற்று வராத இடங்களில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். காலையும் மாலையும், இயந்திரம் ஓடாத நேரத்தில், ஜன்னலை அரை மணி நேரம் திறந்துவைப்பது என்று பேசி முடிவு செய்தோம். அதற்கு அப்புறம்தான் பையைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை நான் மறுபடியும் மேஸ்திரியிடம் போனேன். அவர் என்னைக் கண்டதும் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் பச்சை வலையில் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டேன். காசு வாங்கிக்கொள்ளாமல் வெட்டிக் கொடுத்தார். அதை அப்பா யுடிலிட்டியின் கம்பிகளில், பெட்டியிலிருந்து இரண்டு அடி தள்ளி, காற்றுப் போக இடம் விட்டுக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவிழ்த்து அலசிக் காயவைத்து மறுபடி கட்டுவார், யாரையும் தொடவிடமாட்டார். ஏசி அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை.

மிச்சம் இருந்தது டாக்டர். பையில் மடித்துப் போட்ட அச்சுத் தாளை எடுத்துப் படித்தேன். பரிசோதனை அன்று காலை இன்ஹேலர் எடுக்க வேண்டாம் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து கேட்டேன். "திணறல் வந்தா உடனே எடுத்துடணும், எங்ககிட்ட சொன்னா போதும். திணறல் இல்லேன்னா எடுக்காம வாங்க" என்றார் நர்ஸ்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டர் எதிர்ல இருமிகினு நிப்பாங்களா? அசிங்கம்" என்றார். நான் அன்றைக்குக் கத்தவில்லை. உள்ளே போய் அந்த லுங்கியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். துவைக்காமல் வைத்திருந்தேன், இன்னும் இறுகித்தான் இருந்தது. "இதை ஒளிச்சு வச்சதாலதான்ப்பா மூணு பேரும் தப்பா சொன்னாங்க" என்றேன். அவர் அதை விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். 

பரிசோதனை நாளன்று சட்டைக்கு இஸ்திரி போட வேண்டாம் என்றேன், அதை மட்டும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. அப்பாவின் கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போனது. இன்ஹேலரை எடுத்தார், பார்த்தார், என் கையில் கொடுத்தார். கிராம்பையும் கொடுத்தார். லிஃப்டுக்குப் போவதற்குள்ளேயே நாலு முறை நிற்க வேண்டியிருந்தது. நான் இன்ஹேலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன், தேவைப்பட்டால் அந்த நொடியே கொடுக்க.

குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். ஊதி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. எத்தனையோ வருடம் டாக்டர்கள் எதிரில் அடக்கிவைத்த இருமல், அறை முழுக்கக் கேட்டது. நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தார். டாக்டர் எழுந்து வந்து முதுகில் கருவியை வைத்து, இடம் மாற்றி மாற்றி, முன்பு ஒருபோதும் கேட்காத அளவு நேரம் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கண்ணால் டாக்டரைக் காட்டினேன்.

"பத்து வருசமா கீது டாக்டர்" என்றார் அப்பா. "யாராவது பாக்க வர்றாங்கன்னா, அவுத்து உள்ள வச்சிடுவேன்."

டாக்டருக்கு அது புரிந்திருக்காது. ஆனாலும் பழைய மருந்துச் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார்.